ஒன்பதாவது பந்து

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணி வரைக்கும் நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதற்குப் பிறகு இரண்டு நாள் நான் நானாக இல்லை.

வடக்கே இருக்கும் ஒரு பேஸ்பால் அணி எனக்குச் சம்பளம் தருகிறது. எங்கள் தீவில் நிசாவோவிலிருந்து அசுவா வரைக்கும் கரையோரத்து மைதானங்களில் ஆடும் பையன்களைப் பார்ப்பது, தேறுவான் என்று தோன்றினால் எழுதி அனுப்புவது, இதுதான் என் வேலை. இருபத்தாறு வருஷம் பார்த்தாயிற்று. மைதானத்துப் பையன்கள் என்னை மரியாதையாகத் 'தோன் ஓவிதியோ' என்பார்கள். நான் எழுதி அனுப்பியவர்களில் ஒருவன்கூடப் பெரிய ஆட்டத்தில் நிலைக்கவில்லை. ஒருவன் இப்போது மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறான், ஒருவன் கோழிக்கடை வைத்திருக்கிறான். கோழிக்கடைக்காரன் என்னைப் பார்த்தால் ஈரலைச் சும்மா தருவான். அதுதான் என் தொழிலில் இதுவரை நான் கண்ட லாபம்.

அப்படிப்பட்ட எனக்கு யெர்லின் மத்தேயோ கிடைத்தான். பதினாறு வயது. ஷார்ட்ஸ்டாப். இரண்டாம் தளத்துக்கும் மூன்றாம் தளத்துக்கும் நடுவே நிற்கும் இடம் அது. மட்டையிலிருந்து புறப்படும் பலமான தரைப்பந்துகளில் பாதி அங்கேதான் வரும். எங்கள் ஊரில் நடக்கத் தெரிந்த பையன் எல்லோருக்கும் அந்த இடம்தான் வேண்டும். இவனோ அங்கே நிற்பதற்கென்றே பிறந்தவன் மாதிரி இருந்தான். நீளமான கால், பதறாத உடம்பு. பந்து வரும்போது உதடு மட்டும் மெல்ல அசையும். 'தனக்குத்தானே பேசிக்கொள்கிறான், மனம் வேறெங்கும் போவதில்லை' என்று அறிக்கையில் எழுதினேன். 'கை நடுங்கி நான் பார்த்ததே இல்லை' என்றும் எழுதினேன். பதினொரு தடவை பார்த்துவிட்டுப் பட்டியலில் முதல் பெயராக அவனைப் போட்டேன். என் வார்த்தையை நம்பி எங்கள் மேலாளர் விட்காம் வியாழக்கிழமை விமானம் ஏறி வருவதாக இருந்தது.

எங்கள் ஊரில் பையனைக் காட்டுவதற்கு ஒரு வரிசை உண்டு. யார் ஏற்படுத்தியது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது, ஆனால் திருப்பலி முறையை மாற்றினாலும் மாற்றுவார்கள், இதை மாற்ற மாட்டார்கள். முதலில் அறுபது கெஜ ஓட்டம். அப்புறம் எட்டுத் தரைப்பந்து. நேராக இரண்டு, இடது பக்கம் இரண்டு, வலது பக்கம் இரண்டு, மெதுவாக உருள்வது ஒன்று, எகிறி வருவது ஒன்று. எட்டோடு சரி. பிறகு மட்டையைக் கையில் கொடுப்பார்கள். இந்த எட்டைத் தூக்கத்தில்கூடப் பிடிப்பான், ஆனால் நிஜ ஆட்டத்தில் இறக்கிவிட்டால் முழிப்பான், அப்படிப்பட்ட பையன்கள் எங்கள் பக்கம் நூறு பேர் இருப்பார்கள். அது எனக்கு நன்றாகத் தெரியும். வேறு யாருடைய பையனாக இருந்தாலும் 'ஒரு முழு ஆட்டம் ஆடவிடு, பார்க்கிறேன்' என்று கேட்டிருப்பேன்.

யெர்லினுக்குக் கேட்கவில்லை. காரணம், அவனைப் பழக்கியவன் க்ரிஸ்புலோ. என் மகள் நோரிஸுக்கு ஞானஸ்நானத்தில் கைகொடுத்த ஞானத்தகப்பன். அதனால் நாங்கள் ஒருவருக்கொருவர் கொம்பாத்ரே. உடன்பிறந்தவனைச் சந்தேகப்படலாம், கொம்பாத்ரேயைச் சந்தேகப்பட்டால் ஊரே காறித் துப்பும். அவன் 'பையன் தங்கம்' என்றான். நான் உரசிப் பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை, மேலாளர் வருவதற்கு முன் கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று போயிருந்தேன். க்ரிஸ்புலோ ஒல்லி மட்டையால் அடிக்க, பையன் பிடித்துக்கொண்டிருந்தான். நான்கு பந்து முடிந்தது. ஐந்தாவது வலது பக்கம் போக வேண்டியது. க்ரிஸ்புலோ பந்தைத் தூக்கிப் போட்டு மட்டையை வீசும்போது யாருடைய ஆடோ குறுக்கே ஓடிவந்தது. அதன்மேல் படாமல் இருக்க அவன் மணிக்கட்டைத் திருப்ப, பந்து வழக்கமான வேகம் இல்லாமல் நேராகப் போனது.

யெர்லின் அதற்குள் வலது பக்கம் ஓரடி வைத்திருந்தான். பந்தைப் பார்த்தான். திரும்பி வந்து குனிந்து கையுறையை விரித்தான். ஆனால் பந்து இன்னும் நாலு கெஜம் தள்ளி வரும்போதே கையுறையை மூடிவிட்டான். காற்றைப் பிடித்தான். பந்து அவனுக்கு முன்னால் தரையில் பட்டு எகிறி, தொப்பியைத் தட்டிக்கொண்டு போனது. கன்னத்துக்கும் பந்துக்கும் ஒரு விரல் இடைவெளி இருந்திருக்கும்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் பந்து கிட்டே வந்ததால் அல்ல, அதெல்லாம் தினமும் நடப்பதுதான். பையன் முகம் திரும்பவே இல்லை. கண் இமைக்கவில்லை, கழுத்து அசையவில்லை. பந்து முகத்துக்கு நேராக வந்தால் எப்பேர்ப்பட்ட சூரனுக்கும் கழுத்து தானாகத் திரும்பும். திரும்பாமல் இருப்பவனுக்கு ஒன்று பைத்தியம், இல்லாவிட்டால் பந்து எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை.

அவன் சிரித்துக்கொண்டே தொப்பியை எடுக்கக் குனிந்தான். விரல்கள் தொப்பிக்கு நாலு விரற்கடை இந்தப் பக்கம் மண்ணைத் தொட்டன. பிறகு நகர்த்தித் தொப்பியை எடுத்தான். க்ரிஸ்புலோ ஆட்டைத் திட்டிக்கொண்டிருந்தான். நான் மட்டும் பார்த்தேன்.

ஓய்வு நேரத்தில் வாதுமை மர நிழலில் யெர்லின் தண்ணீர்ப் பையின் முனையைக் கடித்து உறிஞ்சிக்கொண்டிருந்தான். க்ரிஸ்புலோ ஐஸ் வாங்கப் போயிருந்தான். யெர்லினின் இடது பக்கமாகப் போய் ஒரு எலுமிச்சம்பழத்தை மெதுவாகப் போட்டேன். பார்க்காமலே பிடித்தான். சிரித்தேன், அவனும் சிரித்தான். பழத்தை வாங்கிக்கொண்டு, பேசியபடியே சுற்றி வந்து, வலது பக்கத்திலிருந்து அதே வேகத்தில் போட்டேன்.

கன்னத்தில் பட்டது. பையன் துள்ளி எழுந்துவிட்டான். தண்ணீர்ப் பை கீழே விழுந்தது. பேயைப் பார்த்தவன் மாதிரி என்னைப் பார்த்தான்.

"வலது கண்ணாடா?" என்று கேட்டேன்.

வலது கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டான்.

"எப்ப இருந்து?"

"பிப்ரவரிலருந்து."

"என்னடா ஆச்சு?"

"தெருவுல மூடி ஆட்டம் ஆடினோம். எதிர்வீட்டுப் பொடியன் அடிச்சான். நான் கிட்டவே நின்னுட்டேன்."

மூடி ஆட்டம் என்றால் தண்ணீர்க் குடுவையின் மூடியைப் பந்தாகப் போட்டு, விளக்குமாற்றுக் கட்டையால் அடிப்பது. இந்தத் தீவில் கை நன்றாக உள்ள ஒவ்வொருவனுக்கும் கை அதில்தான் வந்தது, எனக்கும்தான். மூடி காற்றில் வளைந்து வளைந்து வரும், எந்தப் பக்கம் திரும்பும் என்று அடித்தவனுக்கே தெரியாது. அதன் விளிம்பு கத்தி மாதிரி இருக்கும்.

"டாக்டர்ட்ட காட்டினியா?"

"இல்ல. இங்க டாக்டர்ட்ட போனா மத்தியானத்துக்குள்ள பக்கத்து ஊரு பானி வரைக்கும் தெரிஞ்சுடும்னு க்ரிஸ்புலோ சொன்னாரு. சொட்டு மருந்து வாங்கிக் குடுத்தாரு."

"என்னடா தெரியுது அதுல?"

"வெளிச்சம் தெரியும். பால் ஊத்தினாப்பல இருக்கும்."

"அப்புறம் எப்படிடா பந்தப் பிடிக்கிற? எம்முன்னாடி பதினோரு தடவ பிடிச்சியேடா!"

"எண்ணுவேன்," என்றான். குரல் இன்னும் இறங்கியது. "பந்து வர்றது தெரியும். எவ்ளோ தூரத்துல வருதுன்னுதான் தெரியாது. மட்டைச் சத்தம் கேட்டதும் எண்ண ஆரம்பிச்சுருவேன். நேர் பந்துக்கு ரெண்டு. வலதுக்கு ரெண்டரை. உருண்டு வர்றதுக்கு நாலு. க்ரிஸ்புலோ எப்பவும் ஒரே வேகத்துலதான் அடிப்பாரு."

உதடு அசைந்ததன் ரகசியம் இதுதான். மனம் வேறெங்கும் போவதில்லை என்று நான் எழுதியதும் இதைத்தான். என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

"பயமா இல்லையாடா உனக்கு?"

கீழே கிடந்த தண்ணீர்ப் பையைப் பார்த்துக்கொண்டே, "சொல்லிடாதீங்க தோன் ஓவிதியோ," என்றான். "எங்கம்மாவுக்குக்கூடத் தெரியாது. சொல்லிடாதீங்க."

இந்த இடத்தில் ஹாசின்தோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பத்தொன்பது வயதில் நானும் ஒரு ஷார்ட்ஸ்டாப். ஹாசின்தோ மூன்றாம் தளத்தில் நிற்பான், எனக்குப் பத்துக் கெஜ தூரத்தில். ஒருநாள் ஒரு பந்து கல்லில் பட்டு எகிறி அவன் நெற்றிப்பொட்டில் அடித்தது. அந்தச் சத்தத்தை நான் எழுத முடியாது. அவன் சாகவில்லை. இன்றைக்கும் அசுவாவில் தன் அக்காள் வீட்டு வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். என்னைப் பார்த்தால் சிரிப்பான், யாரைப் பார்த்தாலும் சிரிப்பான். அன்றைக்குப் பிறகு ஒவ்வொரு பந்துக்கும் என் கழுத்து திரும்பியது. ஒரு மாதத்தில் என்னைப் பார்க்க வந்த அணிக்காரர் ஒரே வரி எழுதிவிட்டுப் போனார்: 'பந்துக்குப் பயப்படுகிறான்.' அத்தோடு என் ஆட்டம் முடிந்தது. பயந்தவனை நான் ஒரு மைல் தூரத்திலிருந்தே அடையாளம் சொல்வேன் என்று பெருமை அடித்துக்கொள்வேன். இவனிடம் ஏமாந்தேன். பந்து தெரியாதவனுக்குக் கழுத்து திரும்பாது, அதைத் தைரியம் என்று நினைத்துவிட்டேன்.

ஐஸ் வாங்கிக்கொண்டு வந்த க்ரிஸ்புலோவை மரத்துக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய்க் கண் விஷயத்தைக் கேட்டேன். அவன் ஒரு நிமிஷம் திகைத்தான். அப்புறம் திகைப்பெல்லாம் போய்விட்டது.

"சரி, தெரிஞ்சுபோச்சு. இப்ப என்னங்கிற?"

"என்னங்கிறனா? யோவ், ஒரு கண்ணு இல்லாதவன எனக்குக் காட்டி இருக்கியே!"

"உன்னாலயே கண்டுபிடிக்க முடியலல்ல? வேற எவன் கண்டுபிடிக்கப் போறான்? முப்பது வருஷத்துல எவனாவது ஒம்பதாவது பந்து கேட்டிருக்கானா? சொல்லு, எவனாவது?"

"டாக்டர் பரிசோதனை?"

"கண்ணு அட்டை மனப்பாடம். மேலருந்து கேளு, கீழருந்து கேளு, சொல்லுவான்."

"அப்புறம் முதல் ஆட்டத்துலயே தொண்ணூத்தஞ்சு மைல் வேகத்துல ஒருத்தன் மூஞ்சிக்கு எறிவானே, அதுக்கும் அட்டை இருக்கா?"

"வாயக் கழுவு." நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டான். "ஜனவரில ஒப்பந்தக் கையெழுத்து ஆகட்டும். கையெழுத்து ஆனதும் 'கண்ணு மங்கலா இருக்கு'ன்னு அவனே சொல்லுவான். அவங்க ஆஸ்பத்திரி, அவங்க செலவு. பால் மாதிரி இருந்தா வெட்டி எடுத்துருவாங்களாம். எல்லாம் விசாரிச்சுட்டேன்."

"கையெழுத்துக்கு முன்னாடி அடிபட்டா?"

அவன் என் சட்டைப் பையில் இருந்த அறிக்கைப் புத்தகத்தை ஒரு விரலால் தட்டினான். "போ, போய் உன் வெள்ளக்காரன்கிட்ட சொல்லு. பதினோரு தடவ பாத்தேன், முதல் பேரா எழுதினேன், பையனுக்குக் கண்ணு தெரியாதுன்னு சொல்லு. அவனுக்கு ஒரு கண்ணுதானய்யா போச்சு, உனக்கு ரெண்டுமா போச்சுன்னு கேப்பான்."

அவன் சொன்னது அத்தனையும் உண்மை. எனக்கு ஐம்பத்திரண்டு வயது, வேறு வேலை தெரியாது. சொன்னால் என் கதை முடிந்தது. சொல்லாவிட்டால் எனக்கு ஒன்றும் ஆகாது. நான் பார்த்தேன் என்பதற்குச் சாட்சி ஒரு ஆடும் ஒரு எலுமிச்சம்பழமும்தான்.

புதன்கிழமை மத்தியானம் பையனின் அம்மா ஃபியோர்தலிசா என்னைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் கூட்டிப் பெருக்குகிறவள். போகாமல் இருந்தால் சந்தேகம் வரும் என்று போனேன். தேங்காய்ப்பால் ஊற்றித் துவரைச் சோறு, பொரித்த மீன், வறுத்த வாழைக்காய். நான் மீனைப் பிய்த்துத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிக்கொண்டிருந்தேன். யெர்லின் எனக்கு எதிரில் உட்கார்ந்து தட்டைப் பார்த்தபடியே சாப்பிட்டான். குளிர்பானத்தைத் தன் கோப்பையில் ஊற்றியபோது பாதி மேஜையில் போனது.

"பாருங்க இவன!" என்று அவள் சிரித்தாள். "இப்பல்லாம் இப்படித்தான். கதவு நிலைல இடிச்சுக்கிறான், தண்ணியக் கொட்டுறான். வயசுப் பையன், எவளையோ நெனச்சுக்கிட்டுத் திரியுறான்னு நெனைக்கிறேன். யாருடா அவ?"

"சும்மா இரும்மா," என்றான் அவன்.

நான் சிரிக்க முயன்றேன். கை துடைப்பதுபோல எழுந்துவிடலாமா என்று இருந்தது.

அவன் கை கழுவப் பின்கட்டுக்குப் போனதும் அவள் என் பக்கமாகக் குனிந்தாள். "தோன் ஓவிதியோ, ஒண்ணு கேக்கணும். அங்கல்லாம் பந்து ரொம்ப வேகமா வருமாமே. தலையில கிலையில பட்டுருமா?"

"தலைக்கவசம் போடுவாங்கம்மா."

"பந்தப் பிடிக்க நிக்கிறப்பவும் போடுவாங்களா?"

போட மாட்டார்கள். அது அவளுக்கும் தெரியும் என்று நினைக்கிறேன். இருந்தாலும் என் வாயிலிருந்து வரட்டும் என்று காத்திருந்தாள்.

"உங்க பையன் கைக்கு அதெல்லாம் தேவைப்படாது," என்றேன். இந்த வாயால் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். அந்தப் பொய் சொன்னபோதுதான் வாய் கசந்தது. அவள் உடனே முகம் மலர்ந்து என் தட்டில் இன்னொரு மீனை வைத்தாள்.

வியாழக்கிழமை காலை எட்டரைக்கு விட்காம் வந்து இறங்கினார். அறுபது வயது, பழைய ஆட்டக்காரர், எங்கள் பாஷையை எங்களைவிட வேகமாகப் பேசுவார். ஃபியோர்தலிசா ஞாயிற்றுக்கிழமை உடுப்பில் கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் நின்றாள். நான் இரண்டு நாளாகத் தூங்காத கண்ணோடு நின்றேன். ஒரு முடிவுக்கு வந்திருந்தேன்: வாயைத் திறக்கப் போவதில்லை. எட்டுப் பந்து முடியட்டும், ஜனவரியில் கையெழுத்து ஆகட்டும், கண்ணில் இருப்பதை வெட்டி எடுத்துச் சரி செய்யட்டும். எல்லோருக்கும் நல்லது. இதை எனக்கு நானே ஐம்பது தடவையாவது சொல்லியிருப்பேன்.

ஓட்டம் முடிந்தது. விட்காம் கடிகாரத்தைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். பந்துகள் ஆரம்பித்தன.

நேர் இரண்டு. இடது இரண்டு. வலது இரண்டு. மட்டைச் சத்தம் கேட்கும்போதெல்லாம் நானும் உள்ளுக்குள் எண்ணினேன். ஒன்று, இரண்டு, கையுறை. ஒன்று, இரண்டு, அரை, கையுறை. ஒவ்வொரு பந்தையும் அவன் பூப்பறிக்கிற மாதிரி எடுத்து முதல் தளத்துக்கு எறிந்தான். உருண்டு வந்ததை ஓடிவந்து வெறுங்கையால் எடுத்தான். எகிறி வந்ததை மார்புக்கு நேரே வாங்கினான். எட்டும் முடிந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

"ஓவிதியோ," என்றார் விட்காம். "இருபத்தாறு வருஷம் வீண்போகல. சரி, மட்டையக் குடு அவன்கிட்ட."

க்ரிஸ்புலோ என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான்.

நான் யெர்லினைப் பார்த்தேன். எட்டாவது பந்து முடிந்த அந்த நொடியில் அவன் கண்ணை மூடி, ஆழமாக மூச்சு விட்டான். குண்டு விழாமல் தப்பித்தவன் விடுகிற மூச்சு அது. ஹாசின்தோ விழுந்த பிறகு ஒவ்வொரு பந்து முடிந்ததும் நான் விட்ட மூச்சு. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. 'பயமா இல்லையா' என்று செவ்வாய்க்கிழமை நான் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில்.

"இன்னும் ஒண்ணு," என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம்.

"எதுக்கு?" என்றார் விட்காம்.

"ஒண்ணே ஒண்ணு. நான் அடிக்கிறேன்."

க்ரிஸ்புலோ மட்டையை விடவில்லை. "கொம்பாத்ரே," என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு. "வேணாம்." பிடுங்க வேண்டியிருந்தது.

மெதுவாகத்தான் அடித்தேன். கால் விரலில் பட்டால்கூட வலிக்காத பந்து, நேராக, சோம்பேறித்தனமாக உருண்டு போனது. நாலு வயதுக் குழந்தை எடுத்துவிடும். யெர்லினின் உதடு அசைந்தது. ஒன்று, இரண்டு. கையுறையை மூடினான். உள்ளே ஒன்றுமில்லை. ஒரு கணம் கழித்து வந்த பந்து அவன் காலணியில் முட்டி நின்றது.

வேலிக்கு அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள். பையன் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தான். சொல்லிவிடுவேன் என்று நினைத்தான். சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

விட்காம் முந்திக்கொண்டார். "பதட்டம்," என்று சிரித்தார். "இந்த மாதிரி சொத்தப் பந்துக்கு எவனும் தயாரா இருக்க மாட்டான். பலமா அடிச்சா எடுத்துருவான். குடு இங்க." என் கையிலிருந்து மட்டையை வாங்கினார். "என்னோட காலத்துல நான் அடிச்சுக் காட்டினா சுவரே ஓடும். யெர்லின்! தயாரா?"

யெர்லின் "தயார்" என்றான். முழங்காலை மடக்கிக் குனிந்தான். அவர் எவ்வளவு வேகத்தில் அடிப்பார் என்று அவனுக்குத் தெரியாது. எத்தனை எண்ண வேண்டும் என்று தெரியாது. தெரியாமலே உதடு அசைய ஆரம்பித்துவிட்டது.

என்ன கத்தினேன் என்று நினைவில்லை. கத்திக்கொண்டே ஓடினேன். தொந்தியும் நானுமாக, முப்பது வருஷமாக எந்தப் பந்துக்கு எதிரிலும் நிற்காதவன், ஆடுகளத்துக்குள் ஓடினேன். நான் ஓடுவதைக் கவனிக்காமல் விட்காம் பந்தை மேலே போட்டிருக்க வேண்டும், பின்னால் மட்டையில் பந்து பட்ட சத்தம் கேட்டது. எண்ணாமல் இருக்க முடியவில்லை. ஒன்று. பையனின் இரண்டு தோளையும் பிடித்துக் கட்டிக்கொண்டேன். இரண்டு என்று எண்ணுவதற்குள் என் முதுகில் இடி விழுந்தது. இருவரும் சேர்ந்தே மண்ணில் விழுந்தோம்.

வாயில் மண். மூச்சு வரவில்லை. விட்காமின் முகம் மேலே தெரிந்தது, வெளுத்துப் போய். "பைத்தியமா உனக்கு? பைத்தியமா?"

"வலது கண்ணு தெரியாது," என்றேன். மூச்சு வந்ததும் அதுதான் முதலில் வந்தது. "பையனுக்கு வலது கண்ணு தெரியாது. பந்த எண்ணித்தான் பிடிக்கிறான்."

அவர் பையனைப் பார்த்தார். வலது பக்கமாக ஒரு கையை மெல்ல ஆட்டினார். பையன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"செவ்வாய்க்கிழம."

விட்காம் குனிந்து, என் பையிலிருந்து விழுந்து கிடந்த அறிக்கைப் புத்தகத்தை எடுத்து மூடினார். "இன்னைக்கு வியாழன், ஓவிதியோ," என்றார். அவ்வளவுதான். என் வேலை போனதைப் பிறகு கடிதம் வேறு போட்டுச் சொன்னார்கள், ஆனால் அந்த மூன்று வார்த்தையிலேயே அது முடிந்துவிட்டது. க்ரிஸ்புலோ மட்டையைத் தரையில் அடித்து உடைத்தான். நோரிஸின் கல்யாணத்துக்கு அவன் வரவில்லை.

ஃபியோர்தலிசா வேலிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்துகொண்டிருந்தாள். அவள் வந்தது மகனின் வலது பக்கமாக. அவனுக்கு அவள் வருவது தெரியவில்லை. மண்ணில் உட்கார்ந்தபடி என் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தான். நான் எழுதி அனுப்பியிருந்தேனே, நடுங்கி நான் பார்த்ததே இல்லை என்று, அந்தக் கை இப்போது சட்டையோடு சேர்ந்து கிடுகிடுவென்று ஆடியது. திட்டப்போகிறான், என் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டாயே என்று கேட்கப்போகிறான் என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"தோன் ஓவிதியோ," என்றான். "எட்டு மாசமா பயந்துக்கிட்டே நிக்கிறேன். இனிமே அங்க நிக்க வேணாம்ல?"

"வேணாம்டா," என்றேன்.

"நிஜமா?"

"நிஜமா."

அவள் வந்து அவன் வலது கன்னத்தைத் தொட்டாள். அவன் திடுக்கிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான், பிறகுதான் அது அம்மாவின் கை என்று தெரிந்தது.